கடைக்காரரைக் கூப்பிடுங்கள்

ரிங்லெட்டில் எங்கள் கோயில் மண்டபத்தில் இன்னொரு போதை ஒழிப்பு முகாம் நடந்து முடிந்தது. பேனர், டீ-சட்டை, உறுதிமொழி, குரூப் போட்டோ. பேச்சாளர் இரண்டு மணி நேரம் பையன்களைத் திட்டினார். "உங்க பாட்டி கொழுந்து பறிச்சு வளர்த்த குடும்பம், வெட்கமா இல்லையா?" பின்வரிசைப் பையன்கள் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

1947இல் கெடா, பீடோங் வட்டாரத்தில் ஏ.எம். சாமியின் தொண்டர் படை வேறு மாதிரி யோசித்தது. குடித்தவர்களை அவர்கள் மிரட்டியதும் உண்டு, அதற்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. ஆனால் கள்ளுக்கடை வாசலிலேயே மறியல் செய்தார்கள். கூலி கொடுக்கும் தோட்டத்துக்குள்ளேயே அந்தக் கூலியைத் திரும்ப உறிஞ்சும் கடையும் இருந்ததை அவர்கள் பார்த்தார்கள். அதனால்தான் போலீஸ் வந்தது, தொழிலாளி உயிரும் போனது. உறுதிமொழி எடுப்பவனைத் தேடி எந்தப் போலீஸும் வராது.

இப்போது சட்டம் இருக்கிறது. 2017 டிசம்பரிலிருந்து மது வாங்க 21 வயது ஆகவேண்டும். பதினாறு வயதுப் பையன் கையில் சம்சு போத்தல் எப்படி வருகிறது? அண்ணன் ஒருத்தன் வாங்கித் தருகிறான், கடையும் கண்ணை மூடிக்கொள்கிறது.

எங்கள் முகாமுக்குத் தண்ணீர் போத்தல் நன்கொடை தந்தது சம்சு விற்கிற கடைதான். அடுத்த முறை அவரையும் மேடையில் உட்கார வைத்துக் கேள்வி கேட்கலாமே என்றேன். நிர்வாகத்து ஐயா சொன்னார்: "அவரு நம்ம ஆளு தம்பி, விடுங்க."