கால் வெச்ச இடத்துல ரோடு!

உங்க வீட்டு காரில் மிதியடிக்குக் கீழே என்ன இருக்குனு என்னிக்காவது பார்த்திருக்கீங்களா மக்களே? நான் பார்த்தேன். பள்ளிக்கரணை ரோடு இருந்தது!

எங்க மாருதி 800, 2004 மாடல். அப்பா செகண்ட் ஹேண்டில் வாங்கியது. எங்க வீட்டுக்குச் சோறு போடுறதே அதுதான். அம்மா இட்லி மாவு அரைக்க, விடியற்காலையில் அப்பா பக்கெட் பக்கெட்டாக ஏத்திட்டுப் போய் கடை கடையா போடுவார். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தப்போ எங்க தெருவில் முழங்கால் தண்ணி. கார் ரெண்டு நாள் அதுலயே நின்னுச்சு. வடிஞ்சதும் மெக்கானிக் வந்தார், ஆயில் மாத்தினார், வண்டி ஸ்டார்ட் ஆச்சு. எல்லாரும் இன்ஜினைத்தான் நலம் விசாரிச்சாங்க. ஃப்ளோரை ஒருத்தரும் சீந்தலை.

2024 ஆகஸ்ட். ஆர்.சி. புதுப்பிக்கிற நேரம். 15 வருஷம் தாண்டிய காருக்கு 5 வருஷத்துக்கு ஒருமுறை இந்தப் பரீட்சை உண்டு. கழுவித் துடைக்கலாமேனு டிரைவர் பக்கம் மேட்டைத் தூக்கினேன். ஊறிப்போன நாத்தம். கார்ப்பெட்டை உரிச்சா, அப்பளம் மாதிரி பொரிஞ்சு கிடக்கு தகடு. கட்டைவிரலால் அழுத்தினேன். உள்ளே போயிடுச்சு!

வெட்கக்கேடு என்னன்னா, முதல் செமஸ்டர் இன்ஜினீயரிங் கெமிஸ்ட்ரியில் துருவைப் பத்திப் பக்கம் பக்கமா எழுதினவன் நான். உப்புத் தண்ணி சொட்டோட ஓரத்துல ஆக்சிஜன் அதிகம், நடுவுல கம்மி. கம்மியா இருக்கிற இடம்தான் ஆனோடு, அங்கதான் இரும்பு கரையும்... கலர் பென்சில்ல படம் வேற போட்டேன். அதே பாடம் என் காலுக்குக் கீழேயே நடந்துட்டிருந்திருக்கு. கார்ப்பெட்டுக்கு அடியில் இருக்கிற பஞ்சு, வாரக்கணக்கில் ஈரத்தைப் பிடிச்சு வெச்சுக்கும். காத்துப் படாத இடம் பத்திரம்னு நாம நினைக்கிறோம். அரிப்பே அங்கதான்! பின்பக்க ஃப்ளோர் இன்னும் மோசம். அதுக்குப் புயலை மட்டும் திட்ட முடியாது. வருஷக்கணக்கா பக்கெட்டிலிருந்து சிந்தின, உப்புப் போட்டுப் புளிச்ச மாவு! (அம்மா இந்தப் பக்கத்தைப் படிக்க மாட்டாங்கனு நம்பறேன்.)

முதலில் போன பட்டறையில் 1,500 ரூபாய் கேட்டாங்க. ஓட்டை மேல ஃபைபர் மேட் ஒட்டி, பட்டி பூசி, அடியில் கறுப்பா கோட்டிங் அடிச்சுடுவாங்களாம். ஒரே நாள் வேலை. அப்பா முகத்தில் நிம்மதி. எனக்கு வயித்தைக் கலக்கிச்சு. ஏன்னா, டிரைவர் சீட்டோட முன்பக்க போல்ட் உட்கார்ற இடத்துலயே துரு. சடன் பிரேக் அடிச்சா, அப்பாவோட சேர்த்து அந்த சீட்டைப் பிடிச்சு நிறுத்தப்போறது பட்டியா?

"ரெண்டு செமஸ்டர் படிச்சுட்டு எனக்கே வண்டி சொல்லித் தர்றியாடா?"

ரெண்டு நாள் எங்களுக்குள்ள பேச்சே இல்லை. மூணாம் நாள் பார்த்தா, அவரே ஒரு டிங்கர் பாய்கிட்ட வண்டியை விட்டுட்டு வந்திருந்தார். ஏன் மனசு மாறினார்னு இன்னிக்கு வரைக்கும் சொல்லலை.

பாய் ஓட்டையைக் கண்டுக்கவே இல்லை. சின்னச் சுத்தியலால் ஃப்ளோர் முழுக்கத் தட்டினார். "'டங்'குனு கேட்டா இரும்பு தம்பி. 'சொத்'துனு கேட்டா துரு." 'சொத்' கேட்ட இடத்தில் எல்லாம் சாக்பீஸ் வட்டம். என் கண்ணுக்கு ரெண்டு ஓட்டை, சாக்பீஸ் கணக்கில் அஞ்சு. 6,500 ரூபாய், மூணு நாள். அந்த மூணு நாளும் மாவு ஆட்டோவில் போச்சு.

நான் காலேஜுக்கு கட் அடிச்சுட்டுக் கூடவே நின்னேன். முதல் வேலையா பேட்டரி நெகட்டிவ் வயரைக் கழட்டினார். சீட், கார்ப்பெட் எல்லாம் வெளியே. அப்புறம் என்னை வண்டிக்கு அடியில் படுக்கச் சொல்லி, ஃப்ளோரை ஒட்டி ஓடுற பெட்ரோல் பைப்பையும் பிரேக் பைப்பையும் காட்டினார். மேல தீப்பொறி, கீழ பெட்ரோல்! வெல்டிங் வைக்கிற இடத்துக்குப் பக்கத்தில் இருந்த பைப்பைக் கழட்டி ஒதுக்கிட்டுத்தான் ஆரம்பிச்சார். ஈரச் சாக்கும் தீயணைப்பு சிலிண்டருமா ஒரு பையன் காவல்.

வெட்டினார் பாருங்க... ரெண்டு விரல் ஓட்டை ஒரு தட்டு அகலம் ஆயிடுச்சு! பளிச்சுனு நல்ல இரும்பு தெரியற வரைக்கும் கிரைண்டர் நிக்கலை. துரு மேல வெல்டிங் பிடிக்காதாம். அட்டையில் அளவெடுத்து, 20 கேஜ் தகட்டை வெட்டி, விளிம்பு பழைய தகடு மேல ஏறுற மாதிரி வெச்சார். அது ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத தகடு. சீட் போல்ட் இடத்துக்கு மட்டும் தடிமனா ஒண்ணு. வெல்டிங்கையும் ஒரே இழுப்பா ஓட்டலை. இங்க ஒரு புள்ளி, அந்தக் கோடியில் ஒரு புள்ளி, ஆறவிட்டு மறுபடியும். சூடு ஒரே இடத்தில் ஏறினா மெல்லிசு தகடு அலை அலையா நெளிஞ்சுடும். எனக்கும் ஒரு சான்ஸ் கொடுத்தார். நான் அடைச்ச ஓட்டையைவிட புதுசா போட்ட ஓட்டை பெருசு. ஹி... ஹி...

அப்புறம் பிரைமர், அது மேல இணைப்புகளில் சீலர், காய்ஞ்சதும் அடியில் அதே கறுப்பு கோட்டிங். ஆமா, முதல் பட்டறைக்காரர் சொன்ன அதே அயிட்டம்தான்! துரு மேல அடிச்சா ஈரத்தை உள்ளேயே பூட்டி வைக்கும். சுத்தமான இரும்பு மேல அடிச்சாத்தான் ஈரத்தை உள்ளே விடாது.

இன்ஸ்பெக்‌ஷன்ல சேஸிஸ் நம்பர் பார்த்தாங்க, லைட் பார்த்தாங்க, ஹாரன் அடிக்கச் சொன்னாங்க. கார்ப்பெட்டை யாரும் தூக்கலை. "1,500 ரூபாயிலயே பாஸாகியிருக்கும்டா"னு வாசலில் அப்பா சொன்னார். சொல்லிட்டு சீட்டில் உட்கார்ந்து, ரெண்டு தடவை முதுகை அழுத்திப் பார்த்துக்கிட்டார்.

இப்போ பக்கெட்டுக்கு அடியில் பிளாஸ்டிக் ட்ரே இருக்கு. மழை விட்டு வெயில் அடிச்சா கார்ப்பெட் நேரா மொட்டைமாடிக்குப் போயிடும். வடாம் போட இடமில்லைனு அம்மா கத்திட்டிருக்காங்க.