பேடில்போர்டும் காலில் கட்டிய கயிறும்

"நிற்கத் தெரிந்தால் போதும், பேடில்போர்டு ஓட்டலாம்." இப்படிச் சொல்லித்தான் விற்கிறார்கள். பாதி உண்மைதான். பத்து, பதினோரு அடி நீளம், 32 அங்குல அகலத்தில் காற்றடித்த பலகை. (மேல் துணியையும் கீழ்த் துணியையும் உள்ளே ஆயிரக்கணக்கான நூல்கள் இழுத்துப் பிடித்திருக்கும். அதனால்தான் 15 பி.எஸ்.ஐ. வரை ஏற்றினாலும் பலூனாக உப்பாமல் கட்டை மாதிரி நிற்கிறது. கண்டுபிடித்தவருக்கு ஒரு சபாஷ்!) குளத்தில் அரைமணி நேரம் தடுமாறினால் யாரும் நின்றுவிடுவார்கள். மீதிப் பாதியைப் பற்றித்தான் யாரும் வாய் திறப்பதில்லை.

பெட்டியைத் திறந்தால் பலகை, துடுப்பு, பம்பு, பை. கூடவே, சோப்பு வாங்கினால் டப்பா இலவசம் என்பது போல, கணுக்காலில் மாட்ட ஒரு கயிறு. பெயர் லீஷ். கடலுக்கு அது சரி. விழுந்தால் பலகையைக் காற்று அடித்துக்கொண்டு போகாது. ஓடும் ஆற்றிலோ அதே கயிறுதான் எமன். கிளையிலோ கம்பத்திலோ அது சிக்கிக்கொண்டால், பலகை ஒரு பக்கம், ஆள் மறுபக்கம், நடுவில் வெள்ளம். கணுக்காலை எட்டக் குனிய வேண்டும். தண்ணீர் குனிய விடாது. ஆற்றுக்கு வேண்டியது இடுப்புப் பட்டையில் மாட்டும் லீஷ். குமிழைப் பிடித்து ஒரு இழு இழுத்தால் கழன்றுவிடும்.

2021 அக்டோபர் 30. வேல்ஸ் நாட்டின் ஹாவர்ஃபோர்ட்வெஸ்ட். மழையில் பெருக்கெடுத்த கிளெடவ் ஆற்றில் 9 பேர் பலகைகளோடு இறங்கினார்கள். வழியில் ஒரு தடுப்பணை. அதன் ஆபத்தைப் பற்றி வந்தவர்களிடம் யாரும் எச்சரிக்கவில்லை. 4 பேர் இறந்தார்கள். அதில் ஒருவர் கரையேறிய பிறகும் மற்றவர்களைக் காப்பாற்ற மறுபடி நீரில் குதித்த துணைப் பயிற்றுநர். அழைத்துப்போனவரிடம் இருந்தது இப்படிப்பட்ட ஆற்றுக்குப் போதாத அடிப்படைச் சான்றிதழ். 2025 ஏப்ரலில் அவருக்குப் பத்தரை ஆண்டு சிறை. அவர்கள் கட்டியிருந்த லீஷ்களும் அந்த நீருக்கு ஏற்றவை அல்ல என்று விசாரணையில் தெரிந்தது.

"குற்றம் ஆளுடையது, கயிறு என்ன செய்யும்?" என்று கேட்பவர்கள் உண்டு. நியாயம்தான். அந்தச் சாவுகளைக் கயிற்றின் தலையில் மட்டும் கட்ட முடியாது. வெள்ளத்தில் இறக்கியதே முதல் தவறு. ஆனால் ஒருவர் சிறைக்குப் போனதால் பெட்டிக்குள் இருக்கும் பொருள் மாறிவிடுமா? அடுத்த வாரக் கடைசியில் ஆற்றுக்குப் போகிறவர் பெட்டியில் என்ன இருக்கிறதோ அதைத்தான் கட்டுவார். கம்பெனியே கொடுத்தது என்றால் சரியாகத்தானே இருக்கும் என்று நம்புவார். இலவச இணைப்பின் வியாபார ரகசியமே அந்த நம்பிக்கைதானே மக்களே!

விலை ஏறும் என்பது அடுத்த சாக்கு. ஒரு பெல்ட், ஒரு கொக்கி. பலகையின் விலையோடு பார்த்தால் சில்லறை. அதுவும் முடியாது என்றால் கணுக்கால் கயிற்றைப் பெட்டியிலிருந்து எடுத்துவிட்டு, கல்லாவில் இருப்பவர் ஒரே ஒரு கேள்வி கேட்கட்டும்: "ஆத்துக்கா, கடலுக்கா?"