ஏடிஹெச்டி, கற்றல் குறைபாடு இருந்தால் என்ன வேலைக்குப் போகலாம்? சட்டம் எங்கே கைகொடுக்கிறது, எங்கே கைவிடுகிறது?

2024 மே மாதம், கேரள மாநிலம் கோதமங்கலத்தில் நடந்த ஒரு விழாவில் பேசிய நடிகர் ஃபகத் ஃபாசில், தனக்கு ஏடிஹெச்டி இருப்பது 41 வயதில்தான் கண்டறியப்பட்டது என்றார். அவர் நடிகர். ஒரு படம் முடிந்தால் அடுத்த படம், புதுக் கதாபாத்திரம், புது ஊர். ஆனால், காலையில் லாகின், நாலு மீட்டிங், நாற்பது மெயில், வாரக் கடைசியில் டைம்ஷீட் என்று ஓடுகிற ஒருவருக்கு இதே நிலை இருந்தால் என்ன ஆகும்?

அப்படிப்பட்டவர் நம் பக்கத்து இருக்கையிலேயே இருக்கலாம். நேர்காணலில் அசத்தியிருப்பார். நள்ளிரவில் சர்வர் படுத்தபோது டீமைக் காப்பாற்றியவரும் அவராகத்தான் இருப்பார். ஆனால் அப்ரைசலில், ‘கவனம் போதாது, டெட்லைன் தவறுகிறது’ என்றுதான் வரும். வீட்டிலோ, “கொஞ்சம் மனசு வெச்சா முடியாதா?” என்பார்கள். மனசு வைத்தும் முடியவில்லை என்பதுதான் அவருடைய பிரச்சினையே.

இரண்டும் ஒன்றா?

இல்லை. கற்றல் குறைபாடு என்பது வாசிப்பு, எழுத்து, கணக்கு போன்ற குறிப்பிட்ட திறன்களில் ஏற்படும் சிக்கல். வாசிப்பில் வந்தால் டிஸ்லெக்ஸியா, எழுதுவதில் வந்தால் டிஸ்கிராஃபியா, எண்களில் வந்தால் டிஸ்கால்குலியா. அறிவுத்திறனுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. 2007-ல் வெளியான ஆமிர் கானின் ‘தாரே ஜமீன் பர்’ பேசியது டிஸ்லெக்ஸியாவைத்தான்.

ஏடிஹெச்டி வேறு. கவனத்தை நிறுத்துவது, அவசரத்தைக் கட்டுப்படுத்துவது, வேலையைத் தொடங்குவது, நேரத்தைக் கணிப்பது ஆகியவற்றைக் கவனித்துக்கொள்ளும் மூளையின் நிர்வாகப் பணிகளில் இருக்கும் சிக்கல் இது. கவனமே இல்லை என்று அர்த்தமில்லை. பிடித்த விஷயத்தில் ஐந்து மணி நேரம் மூழ்கிப்போகும் அதே ஆள், பத்து நிமிட ஃபாரம் ஒன்றைப் பத்து நாள் தள்ளிப்போடுவார். இரண்டு குறைபாடுகளும் சேர்ந்தே இருப்பவர்களும் உண்டு.

ரீல்ஸ் பார்த்து முடிவு செய்யலாமா?

கூடாது. ஏடிஹெச்டியை உறுதிப்படுத்த ரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ கிடையாது. மனநல மருத்துவரோ மருத்துவ உளவியலாளரோ விரிவாகப் பேசி, பழைய பள்ளிக்கூடக் கதைகளைக் கேட்டுத்தான் முடிவுக்கு வருவார்கள். மருத்துவர்கள் பின்பற்றும் டிஎஸ்எம்-5 கையேட்டின்படி, அறிகுறிகள் 12 வயதுக்கு முன்பே தென்பட்டிருக்க வேண்டும். வீடு, வேலையிடம் என ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களிலும் பாதிப்பு இருக்க வேண்டும். தூக்கமின்மை, தைராய்டு, பதற்றம், மனச்சோர்வு ஆகியவையும் கவனத்தைக் குலைக்கும். அதையெல்லாம் பார்க்காமல் ‘எனக்கு ஏடிஹெச்டி’ என்று முடிவு கட்டினால், சிகிச்சை தேவைப்படும் வேறொன்று கண்ணில் படாமலே போகலாம். மாத்திரை வேண்டுமா, வேண்டாமா என்பதும் மருத்துவர் எடுக்க வேண்டிய முடிவு.

சரி, அப்போ என்ன வேலைதான் பொருந்தும்?

‘ஏடிஹெச்டி உள்ளவர்களுக்கு ஏற்ற 10 வேலைகள்’ என்று இணையத்தில் பட்டியல்கள் குவிந்து கிடக்கின்றன. ஃபோட்டோகிராஃபர், செஃப், சேல்ஸ், சொந்தத் தொழில் என்று போகும். இதில் ஒரு அடிப்படைத் தவறு இருக்கிறது. ஒரே வேலைப் பெயருக்குள் பல வேலைகள் ஒளிந்திருக்கின்றன. சேல்ஸ் என்றால் ஆட்களைச் சந்திப்பதும் உண்டு, தினமும் ரிப்போர்ட் நிரப்புவதும் உண்டு. முதலாவதில் பின்னியெடுப்பவர் இரண்டாவதில் மாட்டிக்கொள்வார். சொந்தமாக ஸ்டுடியோ வைத்தவருக்குப் படம் எடுப்பது பாதி வேலை. பில், ஜிஎஸ்டி, வாடிக்கையாளரைத் துரத்திப் பணம் வாங்குவது மீதி.

அதனால் வேலையின் பெயரைப் பார்ப்பதைவிட, நாள் முழுக்க அதில் என்ன நடக்கிறது என்று பார்ப்பதே பயன் தரும். டிஸ்லெக்ஸியா இருப்பவர் கேட்க வேண்டியது: எவ்வளவு படிக்க வேண்டும்? வேகமாகப் படிக்க வேண்டுமா? நான் எழுதியதை வேறொருவர் சரிபார்ப்பாரா? எழுத்தை வாசித்துக்காட்டும் செயலி, தமிழிலும் ஆங்கிலத்திலும் குரல் வழித் தட்டச்சு போன்றவை இன்று கைபேசியிலேயே இருக்கின்றன. அலுவலகத்தில் அவற்றைப் பயன்படுத்த விடுவார்களா என்பதும் முக்கியமான கேள்வி.

ஏடிஹெச்டி இருப்பவர் கேட்க வேண்டியது: செய்த வேலைக்குப் பலன் இன்றே தெரியுமா, ஆறு மாதம் கழித்தா? டெட்லைனை யார் வைப்பது, நானா மற்றவரா? ஒரே நேரத்தில் எத்தனை வேலைகளைத் தலையில் வைத்திருக்க வேண்டும்? அவசர சிகிச்சைப் பிரிவு, செய்தி அறை, நிகழ்ச்சி ஏற்பாடு, புரொடக்‌ஷன் சப்போர்ட் போன்ற இடங்களில் வேலையே ஆளை இழுத்துக்கொண்டு போகும். சிலருக்கு அது ஒத்துவரும். ‘பாஸ் இல்லாத வாழ்க்கை’ என்று ஃப்ரீலான்ஸுக்குத் தாவுவது ஏடிஹெச்டி உள்ளவர்களுக்குப் பல நேரம் எதிர்மறையாக முடியும். நேரத்துக்கு எழுப்பிவிட, ‘முடிச்சாச்சா?’ என்று கேட்க அங்கே யாரும் இல்லை.

தொழில்முனைவோர் கதைகளையும் கொஞ்சம் எச்சரிக்கையோடு பார்க்க வேண்டும். லண்டன் காஸ் பிசினஸ் ஸ்கூலின் ஜூலி லோகன் 2007-ல் வெளியிட்ட ஆய்வில், பங்கேற்ற அமெரிக்கத் தொழில்முனைவோரில் 35% பேருக்கு டிஸ்லெக்ஸியா அறிகுறிகள் இருந்தன. ரிச்சர்ட் பிரான்சனும் தனக்கு டிஸ்லெக்ஸியா உண்டு என வெளிப்படையாகச் சொல்பவர். ஆனால், ஜெயித்தவர்களில் எத்தனை பேருக்கு டிஸ்லெக்ஸியா என்பது ஒரு கேள்வி. டிஸ்லெக்ஸியா உள்ளவர்களில் எத்தனை பேர் ஜெயித்தார்கள் என்பது வேறு கேள்வி. இரண்டாவதற்கு அந்த ஆய்வில் பதில் இல்லை.

பதவி உயர்வு வந்தால் சந்தோஷம்தானே?

எல்லோருக்கும் அல்ல. நன்றாக கோட் எழுதுபவரை டீம் லீட் ஆக்குவார்கள். அன்றிலிருந்து அவர் வேலை கோட் அல்ல. காலண்டர், மெயில், லீவ் அப்ரூவல், எக்ஸெல் ஷீட். எதில் திறமைசாலியோ அது கையைவிட்டுப் போகிறது, எதில் தடுமாறுவாரோ அது முழுநேர வேலையாகிறது. ஐந்தாறு வருடம் சமாளித்தவர்கள் முப்பதை ஒட்டிய வயதில் திடீரெனத் திணறி, அப்போதுதான் மருத்துவரிடம் போவதற்கு இதுவும் ஒரு காரணம். ஆட்களை நிர்வகிக்காமல், தொழில்நுட்ப நிபுணராகவே மேலே போகும் வழி சில நிறுவனங்களில் உண்டு. வேலையில் சேரும்போதே இதைக் கேட்டு வைத்துக்கொள்ளலாம்.

சட்டம் என்ன சொல்கிறது?

1995-ம் ஆண்டு சட்டத்தில் கற்றல் குறைபாட்டுக்கு இடமே இல்லை. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016 அதை மாற்றியது. அது பட்டியலிடும் 21 குறைபாடுகளில் ‘குறிப்பிட்ட கற்றல் குறைபாடு’ம் ஒன்று. அரசு வேலையில் குறைந்தது 4% இடஒதுக்கீடு. அதில் 1% ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, கற்றல் குறைபாடு, மனநோய், பல்வகைக் குறைபாடு ஆகிய எல்லாவற்றுக்கும் சேர்த்து. உயர்கல்வியில் குறைந்தது 5%. இதைப் பெற, பாதிப்பு 40% அல்லது அதற்கு மேல் என மருத்துவச் சான்று வேண்டும்.

ஏடிஹெச்டி அந்தப் பட்டியலில் தனியாக இல்லை. ஏடிஹெச்டி மட்டும் உள்ள ஒருவர் அந்தப் பெயரைச் சொல்லி இடஒதுக்கீடு கோர முடியாது. கூடவே கற்றல் குறைபாடும் இருந்து, அதற்குச் சான்று பெற்றால் மட்டுமே வழி திறக்கும்.

ஆனால், இடஒதுக்கீடு வேறு, வசதி கேட்கும் உரிமை வேறு. விகாஷ் குமார் என்ற தேர்வர், எழுதும்போது கை இறுகிக்கொள்ளும் பாதிப்பு தனக்கு இருப்பதால், சொல்வதை எழுத ஒருவர் வேண்டும் என்று யுபிஎஸ்சியிடம் கேட்டார். 40% வரம்பைக் காட்டி மறுத்துவிட்டார்கள். 2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. 40% என்பது இடஒதுக்கீடு போன்றவற்றுக்கான அளவுகோல். நியாயமான வசதி கேட்பதற்கு அது தடையாக முடியாது என்பதே தீர்ப்பின் சாரம். 2022 ஆகஸ்டில் மத்திய அரசு இதற்கேற்ப வழிகாட்டுதல்களை வெளியிட்டது. சட்டத்தில் ‘மாற்றுத்திறனாளி’ என்பதற்கான பொது வரையறை விரிவானது. நீண்டகால மனநலப் பாதிப்பும் அதற்குள் வரும் என்பதால், ஏடிஹெச்டி உள்ளவர்கள் வாதாடவும் இடம் இருக்கிறது. வாதாட இடம் இருப்பதும் கையில் சான்றிதழ் இருப்பதும் ஒன்றல்ல என்பதையும் மறந்துவிடக் கூடாது.

தனியார் நிறுவனத்தில்?

அரசு நிறுவனம் வேலைவாய்ப்பில் பாகுபாடு காட்டக் கூடாது என்று சட்டம் நேரடியாகவே சொல்கிறது. தனியாருக்கு அந்த அளவு கறார் இல்லை. ஆனாலும், எல்லா நிறுவனங்களும் சமவாய்ப்புக் கொள்கையை வெளியிட வேண்டும். 20 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் தனியார் நிறுவனம், மாற்றுத்திறனாளிகளுக்கு ஏற்ற பணிகள், செய்து தரும் வசதிகள் ஆகியவற்றையும் அதில் குறிப்பிட வேண்டும். பெரிய நிறுவனங்களின் இணையதளத்தில் தேடினால் அந்தக் கொள்கை கிடைக்கலாம். வேலைக்கு விண்ணப்பிக்கும் முன் அதைப் படித்துவிடுவது நல்லது.

அப்போ, ஆபீஸில் சொல்லலாமா?

இதற்கு ஒரே பதில் கிடையாது. சொன்னால் புரிந்துகொள்ளும் மேனேஜரும் உண்டு, “எல்லாருக்கும்தான் கவனம் சிதறுது” என்று சிரித்துவிட்டு அடுத்த ப்ராஜெக்டில் பெயரை அடிப்பவரும் உண்டு. நடுவில் ஒரு வழி இருக்கிறது. குறைபாட்டின் பெயரைச் சொல்லாமல், தேவையை மட்டும் கேட்பது. “மீட்டிங்ல சொன்னதை ஒரு மெயிலா போட்டுடுங்க”, “பெரிய வேலையா இருந்தா வாரம் ஒரு செக்-இன் வெச்சுக்கலாமா?”, “காலையில ரெண்டு மணி நேரம் சாட்டை ஆஃப் பண்ணிக்கறேன்” என்றெல்லாம் கேட்பதற்குச் சான்றிதழ் தேவையில்லை.

அது போதாமல், வேலையே ஆட்டம் காண்கிற நிலை வந்தால் கதை வேறு. அப்போது மருத்துவ அறிக்கையோடு ஹெச்ஆரிடம் எழுத்துப்பூர்வமாகக் கேட்பதே பாதுகாப்பு. திறன் மேம்பாட்டுத் திட்டம் என்ற பெயரில் எச்சரிக்கைக் கடிதம் வந்த பிறகு சொன்னால், அதைச் சாக்கு என்று பார்க்கும் வாய்ப்பு அதிகம். அதற்கு முன்பே கேட்டிருந்தால், கேட்டதற்கு ஒரு பதிவு இருக்கும்.

மீதியை நிறுவனங்கள்தான் செய்ய வேண்டும். எழுத்தில் தெளிவான உத்தரவு, சத்தமில்லாத ஒரு மூலை, ஹெட்ஃபோனுக்கு அனுமதி ஆகியவற்றுக்குப் பெரிய செலவில்லை. சர்வர் படுத்த இரவில் யாரைக் கூப்பிட்டார்களோ, அவரைத் தாமதமான டைம்ஷீட்டுக்காக வெளியே அனுப்பினால் நஷ்டம் அவருக்கு மட்டுமல்ல.