பாவித்த வேகக் காரும் அப்பாவின் சீட்டுக் காசும்

சென்ற மாதம் ஒரு ஞாயிறு மாலை, ஊரில் நமது வீதியில் வாழ்ந்தவரும் இன்று வடமேற்கு லண்டனில் பெற்றோல் நிலையமொன்றில் இரவு வேலை செய்பவருமான நண்பர், தமது மூத்த மகனையும் அழைத்துக்கொண்டு நமது இல்லத்திற்கு வந்திருந்தார். தேநீர் வருவதற்கு முன்னரே முறைப்பாடு வந்துவிட்டது.

"மாஸ்ரர், இவன் என்ர சொல்லுக் கேக்கிறானில்லை. நீங்களாவது ஒருக்காச் சொல்லுங்கோ."

பையனுக்கு 23 வயது. படித்து முடித்து உழைக்கத் தொடங்கி இரண்டு ஆண்டுகள். கார் ஓட்டும் அனுமதிப்பத்திரம் பெற்று ஓராண்டு. சேமிப்பு 9,000 பவுண். தந்தை பிடித்த சீட்டில் இன்னுமொரு 6,000 பவுண் கைக்கு வரவிருக்கிறது. இந்தப் 15,000 பவுணையும் ஒருங்கே கொடுத்து, பாவித்த வேகக் கார் ஒன்றை வாங்குவதென்பது மகனின் தீர்மானம். அதுவும் இரண்டு கதவு வண்டி அல்ல. அம்மாவையும் தங்கையையும் கோயிலுக்கு ஏற்றிச் செல்லத்தக்க நான்கு கதவு வண்டி. ஆனால் எஞ்சின் மாத்திரம் பந்தய எஞ்சின். ஆங்கிலத்தில் ஸ்போர்ட்ஸ் சலூன் என்பார்கள்.

வாசகர்களில் பலர் இவ்விடத்தில் தலையை அசைப்பீர்கள் என்பதை அறிவோம். நாம் அசைக்கவில்லை. இளமையில் நல்ல இயந்திரம் ஒன்றின் மீது ஆசை வைப்பது குற்றமல்ல. 1990க்குப் பின்னர் யாழ்ப்பாணத்தில் பெற்றோலுக்குத் தடை இருந்த காலத்தில், ஒஸ்ரின் ஏ40 காரையும் மொரிஸ் மைனரையும் சில துளி பெற்றோலில் இயக்கித் தொடக்கி, பின்னர் மண்ணெண்ணெயில் ஓட்டியவர்கள் நம்மவர்கள். அந்நாளில் பள்ளிக்கூடத்திற்குச் சைக்கிளில் சென்ற இளம் ஆசிரியராகிய நாமும், வழியிலிருந்த கராஜில் இறங்கி, மெக்கானிக் ஐயா திருகாணி முடுக்கியின் ஒரு முனையை எஞ்சினிலும் மறு முனையைத் தமது காதிலும் வைத்து நோயைக் கண்டுபிடிக்கும் அழகைப் பார்த்து நின்றதுண்டு. கலைப் பட்டதாரியாகிய நாம் எஞ்சினைப் பற்றி அறிந்தவற்றின் ஆரம்பம் அதுதான்.

ஆகவே, "வாங்காதே" என்று நாம் சொல்லவில்லை. "என்ன வாங்குகிறாய் என்பதை அறிந்து வாங்கு" என்றே சொன்னோம்.

பையன் மூன்று விளம்பரங்களைக் காட்டினான். முதலாவது, பி.எம்.டபிள்யூ. எம்5. 2005ஆம் ஆண்டளவில் வெளிவந்த அந்த வண்டியில் பத்துச் சிலிண்டர், ஐந்து லீற்றர், 507 குதிரைவலு. புதிதாக விற்கப்பட்ட காலத்தில் 60,000 பவுணைத் தாண்டிய விலை. இன்று விளம்பரத்தில் 15,000க்கும் குறைவு. "பாத்தீங்களா அங்கிள், எவ்வளவு மலிவு!" என்றான்.

நாம் அவனுக்கு விளக்கியது இதுதான். கார் பழசாகும்போது அதன் விலை இறங்கும். அதன் உதிரிப்பாகத்தின் விலை இறங்காது. 60,000 பவுண் வண்டிக்குரிய பிரேக்கும் கிளச்சும் ரயரும் இன்றும் 60,000 பவுண் வண்டிக்குரிய விலையிலேயே விற்கப்படுகின்றன. அந்தப் பத்துச் சிலிண்டர் எஞ்சினில் பிஸ்டனையும் சுழல்தண்டையும் இணைக்கும் தண்டுகளின் பெயரிங்குகள் தேய்வது பலரும் அறிந்த குறை. அவற்றை உரிய காலத்தில் மாற்றாவிடின் எஞ்சினே போய்விடக்கூடும். அதன் தானியங்கிக் கியரை இயக்கும் பம்பும் பழுதடைவதுண்டு. முன்னைய உரிமையாளர் இவற்றைச் செய்து முடித்தாரா, அல்லது செய்யவேண்டிய நாள் நெருங்கியதும் விற்கிறாரா என்பதே கேள்வி. மலிவு விலைக்குப் பின்னால் பெரும்பாலும் இரண்டாவது விடையே ஒளிந்திருக்கிறது.

மற்றவற்றுக்கும் இவ்வாறான வரலாறு உண்டு. 2011 வரை வந்த நான்கு கதவு எம்3இன் எட்டுச் சிலிண்டர் எஞ்சினிலும் அதே பெயரிங் தொல்லை. 4.2 லீற்றர் எட்டுச் சிலிண்டர் ஓடி எஸ்4இல் நேரச் சங்கிலி எஞ்சினின் பின்புறத்தில் அமைந்துள்ளது. அதன் வழிகாட்டிகள் தேய்ந்தால் எஞ்சினையே வெளியே இறக்கவேண்டும். மெர்சிடிஸ் சி63இன் ஆரம்பகால வண்டிகளில் சிலிண்டர் தலையைப் பிடிக்கும் போல்ற்றுகளில் குறை இருந்து, பின்னர் திருத்தப்பட்டது. இவை தீய வண்டிகள் அல்ல. பராமரிக்கத் தெரிந்த வசதியுள்ளோரை எண்ணிச் செய்யப்பட்ட வண்டிகள். இவற்றோடு ஒப்பிடுகையில், ரொயோட்டாவின் லெக்ஸஸ் ஐ.எஸ்.எஃப். ஐந்து லீற்றர் எஞ்சினுடன் நீடித்த உழைப்புக்குப் பெயர்பெற்றது. ஆனால் அதனாலேயே அதன் விலை இறங்க மறுக்கிறது. 2009இன் பின்னர் வந்த, ஆறு சிலிண்டரும் 333 குதிரைவலுவும் கொண்ட ஓடி எஸ்4 நமது எண்ணத்தில் பையனின் பணத்திற்கு அண்மையானது.

வரியும் உண்டு. 2006 மார்ச் 23 முதல் 2017 மார்ச் இறுதி வரை பதிவானவற்றுள், கிலோமீற்றருக்கு 255 கிராமுக்கு மேல் காபனீரொட்சைட்டு வெளியிடும் கார்களுக்கு ஆண்டு வீதி வரி இன்று 700 பவுணுக்கு மேல். அதற்கு முன்னர் பதிவானவற்றுக்கு வரி குறைவு என்று பழைய வண்டியை நாடினால், 2023 ஓகஸ்ட் 29 முதல் லண்டனின் எல்லாப் பகுதிகளுக்கும் விரிவாக்கப்பட்ட தூய காற்று வலயக் கட்டணம் காத்திருக்கிறது. பொதுவாக 2006 முதல் பதிவான பெற்றோல் கார்கள் தப்பிவிடும். மற்றவை ஓடும் நாளொன்றுக்கு 12.50 பவுண் கட்டவேண்டும். வண்டி இலக்கத்தை இணையத்தில் இட்டு இதனை இலவசமாக அறியலாம்.

அடுத்த சனிக்கிழமை, மூன்றில் ஒன்றைப் பார்க்க மூவரும் சென்றோம். புறப்படுமுன் அதன் எம்.ஓ.ரி. பரிசோதனை வரலாற்றை அரசாங்க இணையத்தளத்தில் எடுத்துப் படிக்குமாறு பையனிடம் கூறியிருந்தோம். மூன்று ஆண்டுகள் தொடர்ந்து ஒரே குறிப்பு: எண்ணெய்க் கசிவு. மூன்று ஆண்டுகளாக ஒருவர் கசிவைப் பார்த்துக்கொண்டே ஓட்டியிருக்கிறார் என்பதே அதன் பொருள்.

விற்பவரின் வீட்டு வாசலை அடைந்ததும் நாம் முதலில் செய்தது, எஞ்சின் மூடியின் மேல் உள்ளங்கையை வைத்ததுதான். சூடாக இருந்தது. குளிர்ந்த எஞ்சினைத் தொடக்கும்போதுதான் அதன் உண்மையான குரல் கேட்கும். முன்கூட்டியே சூடாக்கி வைத்தவர் அந்தக் குரலை மறைத்துவிட்டார். நான்கு ரயர்களும் நான்கு விதமானவை. ரயரின் பக்கச் சுவரிலுள்ள நான்கு இலக்கங்கள் அது தயாரான வாரத்தையும் ஆண்டையும் காட்டும். ஒன்று பத்து ஆண்டுக்கு மேற்பட்டது. ரயருக்குப் பணம் செலவிடாதவர் கண்ணுக்குத் தெரியாத பெயரிங்குக்குச் செலவிட்டிருப்பாரா? சேவிஸ் பற்றுச்சீட்டுகளைக் கேட்டோம். "வீட்டை மாற்றியபோது தொலைந்துவிட்டன" என்றார். நன்றி கூறித் திரும்பினோம்.

பார்க்கவேண்டியவை இன்னும் உண்டு. வி5சி என்னும் பதிவுப் பத்திரம் பொறுப்பாளர் யார் என்பதையே கூறும்; உரிமைக்கு அது சான்றன்று. நிலுவைக் கடன் உண்டா, விபத்தில் சிக்கி எஸ் அல்லது என் என்னும் பிரிவில் காப்புறுதி நிறுவனத்தால் ஒதுக்கப்பட்டதா என்பதைச் சிறு கட்டணத்தில் அறியலாம். பதிவுபெற்ற வியாபாரியிடம் வாங்கினால், 2015ஆம் ஆண்டின் நுகர்வோர் சட்டப்படி குறையுள்ள வண்டியை 30 நாட்களுக்குள் திருப்பும் உரிமை உண்டு. தனியாரிடம் வாங்கினால் அந்தப் பாதுகாப்பு இல்லை. எங்கு வாங்கினாலும், அவ்வகை வண்டியை அறிந்த மெக்கானிக்கிடம் ஒருமுறை காட்டுவதற்கான செலவை வீணென்று கருதவேண்டாம். கையிலுள்ள பணத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தொடாமல் வைத்திருப்பதும் நமது யோசனை. முதல் ஆண்டிலேயே அது தேவைப்படலாம்.

திரும்பும் வழியில்தான் உண்மையான பிரச்சினை வெளிவந்தது. இக்கார்கள் யாவும் காப்புறுதியின் உயர் பிரிவுகளில் உள்ளவை. 23 வயதுப் புதுச் சாரதிக்கு அவர்கள் கேட்ட தொகை காரின் விலையோடு போட்டியிடுகிறது. ஆகவே நண்பர் ஒரு வழி கண்டிருந்தார்.

"என்ர பேரில போட்டிட்டு, இவனை இரண்டாவது ஆளாப் போடலாம் எண்டு சொல்லுகினம், மாஸ்ரர். எல்லாரும் செய்யினம்தானே."

எல்லோரும் செய்கிறார்கள் என்பது உண்மையாக இருக்கலாம். ஆயினும் நாள்தோறும் ஓட்டுபவர் மகனாக இருக்க, தந்தையைப் பிரதான சாரதி என்று எழுதிக் கொடுப்பது இந்நாட்டில் மோசடி. விபத்து நேர்ந்து விசாரணை வந்தால் காப்புறுதி செல்லாது போகலாம். காப்புறுதியின்றி ஓட்டியமைக்கு 300 பவுண் தண்டமும் ஆறு புள்ளிகளும். நீதிமன்றம் சென்றால் அதனிலும் அதிகம். அனுமதிப்பத்திரம் பெற்று இரண்டு ஆண்டுகளுக்குள் ஆறு புள்ளி சேர்ந்தால் 1995ஆம் ஆண்டுச் சட்டப்படி அது பறிபோகும். மீண்டும் எழுத்துப் பரீட்சையிலிருந்து தொடங்கவேண்டும். ஓட அனுமதித்த தந்தைக்கும் குற்றம் உண்டு.

நண்பரின் மனைவியின் குடியுரிமை விண்ணப்பம் முடிந்துவிட்டது. நண்பருடையது இன்னும் முடியவில்லை. விண்ணப்பத்தில் நன்னடத்தையும் ஆராயப்படும் என்பதை அவர் அறிவார். நாம் அதை நினைவூட்டியபோது காருக்குள் சிறிது நேரம் பேச்சில்லை.

பின்னிருக்கையிலிருந்து பையன்தான் முதலில் பேசினான். "அப்பா, உங்கட பேரில போடவேண்டாம்."

பதினைந்து ஆண்டுகள் இரவில் விழித்திருந்து ஊரார் கார்களுக்குப் பெற்றோல் விற்ற மனிதரின் பெயர் அது. அதன் மதிப்பைப் பையன் விளங்கிக்கொண்டான் என்பதில் நமக்கு மகிழ்ச்சி.

அவன் ஆசையைக் கைவிடவில்லை. சீட்டுக் காசைத் தந்தையிடமே விட்டுவிட்டு, இப்போதைக்குத் தன் பெயரில் கட்டக்கூடிய காப்புறுதியோடு ஒரு சிறிய காரை வாங்கி, இரண்டு ஆண்டுகள் விபத்தின்றி ஓட்டிய சான்றைச் சேர்த்த பின்னர் வேகக் காரைத் தேடுவதாகக் கூறியிருக்கிறான். அப்போது எஞ்சின் மூடியைத் தொட்டுப் பார்க்க நம்மையும் அழைப்பானாம். நாமும் வருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறோம்.