ஒன்பது கன்றும் சிவப்பு மையும்

1877-ஆம் ஆண்டில் கியூ பூங்காவிலிருந்து சிங்கப்பூருக்கு வந்துசேர்ந்த 22 ரப்பர் கன்றுகளுள் ஒன்பது, நம் கோலா கங்சாரில் நடப்பட்டன. அவ்வரலாற்றை நினைவூட்டும் முதிய மரம் ஒன்று மாவட்ட அலுவலகத்தின் அருகே இன்றும் நிற்கிறது. அம்மரத்தைப் பற்றிக் கட்டுரை வரைந்த மாணவி ஒருத்தி, 'ஒன்பது ரப்பர் கன்று நடப்பட்டன' என்று எழுதினாள். திருத்திய ஆசிரியர் 'கன்று' என்பதன் பின்னே சிவப்பு மையால் 'கள்' சேர்த்து, அரை மதிப்பெண்ணையும் குறைத்துவிட்டார். அடுத்த கட்டுரையில் அவள் அஞ்சி, 'பல மரங்கள்' என்று எழுத, வேறோர் ஆசிரியர் 'கள்'ளை அடித்து, ஓரத்தில் 'மிகை' என்று குறித்தார். இரண்டு ஏடுகளையும் என்முன் வைத்து, "எதுதான் ஐயா சரி?" என்றாள் அந்தப் பிள்ளை.

அவள் எழுதிய இரண்டும் சரி. திருத்தங்களே பிழை.

முதல் ஆசிரியரின் கையைப் பிடித்து எழுதியது ஆங்கிலம். எண்ணுப்பெயர் முன்னே நின்று பன்மையை அறிவித்த பின்னரும், ஆங்கிலப் பெயர்ச்சொல் பெரும்பாலும் பன்மை விகுதி பெற்றாக வேண்டும். இரண்டாமவர் கையைப் பிடித்தது மலாய். 'பாஞாக் பூக்கு-பூக்கு' என்று எழுதினால் மலாய் ஆசிரியர் திருத்துவார். 'பாஞாக்' என்பதே பலவற்றைக் குறித்துவிட்டதால் பெயரை இரட்டிப்பது மிகை. அம்மொழிக்கு அது தக்க விதியே. ஆனால் தமிழில் எண்ணுப்பெயரை இரட்டித்தால் பிறக்கும் பொருள் வேறு. 'ஆளுக்கு இரண்டிரண்டு வாளி' என்று தோட்டத்தில் சொன்னால், பால் சுமந்தவர் ஒருவருக்கும் ஐயம் வாராது. இரவல் விதிகளால் நம் பிள்ளைகளின் ஏட்டைச் சிவப்பாக்குவது என்ன நீதி?

நம் இலக்கணம் இதில் வாய் மூடியிருக்கவில்லை. அஃறிணைப் பெயர் 'கள்' ஏற்பதைத் தொல்காப்பியர் கொள்ளுமிடத்துக் கொள்ளத்தக்கதாகவே வைத்தார். நன்னூலார் பால்பகா அஃறிணைப் பெயர் என ஓர் இனத்தையே வகுத்தார். 'மரம் வளர்ந்தது', 'மரம் வளர்ந்தன' என்னும் இரண்டிலும் பெயர் ஒன்றே. ஒருமையா பன்மையா என்பதை வினைமுற்று காட்டுகிறது. அம்மாணவியின் தொடரில் 'ஒன்பது' ஒருமுறையும் 'நடப்பட்டன' மறுமுறையும் பன்மையைச் சொல்லிவிட்டன. மூன்றாம் முறையும் சொல்க என்று கட்டாயப்படுத்துவானேன்?

அவ்வாறாயின் 'பல மரங்கள்' மிகையாகாதோ எனின், ஆகாது. வேண்டாத இடத்து வருவதே மிகை. வரலாம் என விடப்பட்ட இடத்து வருவது உரிமை. உயர்திணையில் 'அர்' என்னும் பன்மை விகுதியின்மேல் 'கள்' ஏறிய 'பூரியர்கள்' என்னும் சொல்லைத் திருவள்ளுவரே ஆண்டிருக்கிறார். சிவப்பு மைப்புட்டியோடு அவரிடமும் செல்வார்களோ? (கள்ளுண்ணாமை பாடியவர் இந்தக் 'கள்'ளை மட்டும் விலக்கவில்லை.)

'ஒரு சில' என்பதன்மேல் சிலர் கொண்டுள்ள சினமும் இத்தகையதே. 'ஒரு' ஒருமை, 'சில' பன்மை, இரண்டும் சேர்வது ஆங்கிலத்தின் நிழல் என்பார்கள். 'ஒரு பத்துப் பேர் வந்தார்கள்' என்று ஆங்கிலம் அறியாத நம் பாட்டிமார் சொல்கிறார்களே, அங்கே பத்தும் ஒன்றும் மோதிக்கொண்டனவா? அந்த 'ஒரு' எண்ணன்று. ஏறக்குறைய என்னும் குறிப்பு.

மிகையை ஒழிக்க விரும்புவோர்க்கு வேலை இல்லாமல் இல்லை. 'சுமார் இருநூறு பேர் அளவில் கலந்துகொண்டனர்' என்று நம் சங்கங்களின் ஆண்டறிக்கைகளில் எழுதுகிறோம். 'சுமார்' போதும், அல்லது 'அளவில்' போதும். 'ஒவ்வொரு மாணவர்களும்' என்று அழைப்பிதழில் அச்சிடுகிறோம். அது மிகை கூட அன்று, வழு. அங்கே சிவப்பு மை ஓடட்டும்.

தோட்டத்து வீட்டில் பாட்டி 'ஒன்பது கன்று' என்றே பேசக் கேட்டு வளர்ந்தவள் அம்மாணவி. அவள் ஏட்டில் ஏறிய 'கள்'ளை நான் அடித்துக் கொடுத்தேன். அரை மதிப்பெண்ணைத் திருப்பித் தரும் அதிகாரம் எனக்கில்லை.