ஒற்றைத் தாராக்குஞ்சு



பாடசாலை விடுமுறை வந்துவிட்டால் பிள்ளைகளின் ஆசைகளுக்கு அளவே இருக்காது. "உம்மா, ஒரு தாரா முட்டை அடை வைப்போமே. ஒரே ஒரு குஞ்சு போதும்" என்று உங்கள் வீட்டிலும் ஒரு குரல் கேட்டிருக்கும். ஒரு முட்டைதானே என்று நீங்களும் தலையாட்டியிருப்பீர்கள். அப்படித் தலையாட்டும் முன் அறிந்துகொள்ள வேண்டிய சில விடயங்களை இம்மாதம் உங்களோடு பேச விரும்புகிறேன்.

பிள்ளையின் ஆசையில் குற்றமில்லை. அனஸ் (ரழி) அவர்களின் சின்னத் தம்பி அபூ உமைர் ஒரு சிறு பறவையை வைத்து விளையாடி வந்தார். நபி (ஸல்) அவர்கள் அந்தப் பறவையைப் பற்றி அச்சிறுவரிடம் அன்போடு விசாரித்த செய்தி புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவாகியுள்ளது. இந்த ஒரு ஹதீஸிலிருந்தே அறுபது பயன்களை எடுத்து எழுதிய அறிஞரும் இருந்திருக்கிறார். பறவையைத் துன்புறுத்தாமல் பராமரித்தால் பிள்ளை அதனை வைத்திருக்கலாம் என்பது அவற்றுள் ஒன்று. அந்த நிபந்தனையைத்தான் நாம் கவனிக்க வேண்டும்.

முதலில் முட்டை. கடையில் விற்கும் முட்டையில் கரு இருக்கும் என்று நம்ப முடியாது. ஆண் தாராவும் சேர்ந்து வளரும் வீட்டில் கேட்டு வாங்குங்கள். கோழி முட்டை பொரிக்க 21 நாட்கள், சாதாரணத் தாரா முட்டைக்கு 28 நாட்கள். மணிலாத் தாரா என்றால் சுமார் 35 நாட்கள். இந்த வித்தியாசம் தெரியாமல் இரண்டையும் ஒரே நாளில் அடைக்கோழியின் கீழ் வைத்துவிடுகிறோம். கோழிக்குஞ்சுகள் பொரித்ததும் பேடு அவற்றோடு இறங்கிவிடுகிறது. தாரா முட்டை பாதி வழியில் குளிர்ந்துபோய் உள்ளே குஞ்சு இறந்துவிடுகிறது. எனவே தாரா முட்டையை முதலில் வைத்து, ஏழு நாட்கள் கழித்துக் கோழி முட்டைகளை வையுங்கள்.

பொரிக்கும் இயந்திரத்திலும் பொரிக்கலாம். 37.5 பாகை செல்சியஸ் சூடு மாறாமல் இருக்க வேண்டும். ஆனால் 2022இல் நாம் பார்த்ததுபோல் பதின்மூன்று மணி நேரம் மின்சாரம் போனால் என்ன செய்வது? அடைக்கோழிக்கு அந்தக் கவலை இல்லை.

தாரா முட்டை பெரிது. கோழிக்குப் புரட்டுவது சிரமமாக இருக்கலாம். பென்சிலால் ஒரு அடையாளமிட்டு, காலையிலும் மாலையிலும் நீங்களே புரட்டிவிடுங்கள். ஏழாம் நாள் இருட்டறையில் டோர்ச் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். சிலந்தி வலைபோல் மெல்லிய சிவப்பு நரம்புகள் தெரிந்தால் உள்ளே உயிர் வளர்கிறது. கடைசி மூன்று நாட்களும் முட்டையைப் புரட்ட வேண்டாம்.

ஓட்டில் சிறு வெடிப்பு விழுந்த பின் குஞ்சு வெளியே வர ஒரு நாள், சில வேளை இரண்டு நாட்களும் ஆகலாம். "பாவம், கஷ்டப்படுகிறது" என்று பிள்ளைகள் ஓட்டை உரிக்கப் போவார்கள். தடுத்துவிடுங்கள். ஓட்டின் உட்சவ்வில் இரத்த நரம்புகள் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும். மஞ்சட்கருவின் மிச்சமும் வயிற்றுக்குள் போய்ச் சேர வேண்டும். அவசரப்பட்டு உரித்தால் இரத்தம் கசிந்து குஞ்சு இறக்கலாம். அந்த மஞ்சட்கருவே உணவாக இருப்பதால், பிறந்த முதல் நாள் தீன் இல்லையே என்றும் பதற வேண்டியதில்லை.

இனி முக்கியமான விடயத்துக்கு வருகிறேன். தாராக்குஞ்சு பிறந்த முதல் நாளில், தன் முன்னே நடமாடும் ஒன்றைத் தாயாக மனதில் பதித்துக்கொள்கிறது. ஆஸ்திரியாவைச் சேர்ந்த கொன்ராட் லோரன்ஸ் என்பவர் இதனை விரிவாக ஆராய்ந்தார். அவர் கையில் பொரித்த வாத்துக் குஞ்சுகள் அவரையே தாயென்று எண்ணி அவர் போகுமிடமெல்லாம் வரிசையாகப் பின்தொடர்ந்தன. விலங்குகளின் நடத்தை பற்றிய ஆய்வுகளுக்காக 1973இல் அவருக்கும் வேறு இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

இயந்திரத்தில் தனியே பொரித்த குஞ்சுக்குத் தாயும் இல்லை, கூடப் பிறந்தவையும் இல்லை. அது முதலில் காண்பது உங்கள் பிள்ளையை. அன்று முதல் அந்தப் பிள்ளைதான் அதற்கு உம்மா. பிள்ளை நடந்தால் அதுவும் நடக்கும். பிள்ளை அறையை விட்டுப் போனால் ஓயாமல் கீச்சிட்டு அழும். அது குறும்பு அல்ல, பயம். விடுமுறை முடிந்து பிள்ளை பாடசாலைக்குப் போகும் அந்த ஆறு மணி நேரம் அழுகையைக் கேட்டுக்கொண்டிருக்கப் போவது சமையலறையில் நிற்கும் நீங்கள்தான்.

ஆகவே, ஒன்று வேண்டாம். இரண்டு அல்லது மூன்று முட்டைகளாக வையுங்கள். ஒன்றுதான் பொரித்தது என்றால் கோழிக்குஞ்சுகளோடாவது வளரவிடுங்கள், அல்லது அதே வயதுத் தாராக்குஞ்சு ஒன்றைத் தேடி வாங்குங்கள். அதுவும் கிடைக்காவிட்டால் பகலில் யாராவது அதனருகே இருக்க வேண்டும். பெட்டியில் ஒரு சிறு கண்ணாடியை வைத்தால் ஓரளவு ஆறுதல் கிடைக்கும். ஆனால் அது துணையாகாது.

பராமரிப்பையும் சுருக்கமாகச் சொல்கிறேன். தாயின் சூடு இல்லாத குஞ்சுக்கு முதல் வாரம் சுமார் 32 பாகை சூடு தேவை. பிறகு வாரத்துக்கு மூன்று பாகை குறைக்கலாம். காட்போட் பெட்டியின் ஒரு மூலையில் மட்டும் பல்ப் எரியட்டும். குஞ்சு அதன் கீழேயே ஒடுங்கினால் குளிர்கிறது, வாயைத் திறந்து மூச்சு வாங்கி விலகினால் சூடு அதிகம். தரையில் பத்திரிகைத் தாளை மட்டும் விரித்தால் கால் வழுக்கி விரிந்துவிடும். அதன் மேல் பழைய துணியோ சாக்கோ போடுங்கள்.

பாணும் சோறும் மட்டும் கொடுத்து வளர்க்க முடியாது. கோழிக்குஞ்சுத் தீனை விட நியாசின் என்னும் விட்டமின் தாராக்குஞ்சுக்குக் கூடுதலாக வேண்டும். அது குறைந்தால் கால்கள் வளைந்து நடக்க முடியாமல் போகும். குஞ்சுத் தீனோடு அவித்து மசித்த பட்டாணியும், உப்பில்லாமல் அவித்த மீனும் சிறிது சேர்த்துக் கொடுங்கள். தீன் இருக்கும் நேரமெல்லாம் பக்கத்தில் தண்ணீரும் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் தொண்டையில் அடைக்கும். மூக்குத் துவாரம் நனையும் அளவு ஆழம் போதும். உள்ளே கூழாங்கற்கள் இட்டால் குஞ்சு மூழ்காது. நீந்தவிட ஆசையென்றால் வெதுவெதுப்பான தண்ணீரில் சில நிமிடங்கள் விட்டு உடனே துடைத்து உலர்த்துங்கள். தாயில்லாத குஞ்சு விரைவில் நனைந்து விறைத்துப்போகும்.

குஞ்சைத் தொட்ட பிள்ளைகள் சவர்க்காரமிட்டுக் கை கழுவ வேண்டும். முத்தமிட வேண்டாம். நோயில்லாமல் தோன்றும் குஞ்சிலும் வயிற்றோட்டத்தை உண்டாக்கும் சல்மொனெல்லாக் கிருமி இருக்கக்கூடும். அதன் பாத்திரத்தைச் சமையலறையில் கழுவவும் வேண்டாம்.

இன்னுமொன்று. குஞ்சு இரண்டு மாதத்தில் பெரிய தாராவாகிவிடும். பேடு என்றால் முட்டை கிடைக்கும். ஆண் என்றால்? தாரா ஹலாலான உணவு, முறைப்படி அறுத்து உண்பதில் எந்தத் தடையும் இல்லை. ஆனால் "இது உன்னுடையது மகனே" என்று பிள்ளையிடம் சொல்லிவிட்டு, விருந்தாளி வந்த நாளில் அவன் பாடசாலையில் இருக்கும்போது அறுத்து, "தாரா ஓடிப்போய்விட்டது" என்று பொய் சொல்லாதீர்கள். பிள்ளை அதை நம்பினாலும் ஒரு நாள் உண்மை தெரிய வரும். அதன் பிறகு உம்மாவின் வேறு வார்த்தைகளையும் அவன் சந்தேகிப்பான். அறுப்பதாயிருந்தால் முதலிலேயே சொல்லுங்கள். அறுப்பதில்லை என்றால், நன்றாகப் பார்த்துக்கொண்டால் தாரா பத்து ஆண்டுகளும் வாழும் என்பதை நினைவில் வைத்து முடிவு செய்யுங்கள்.

இவற்றையெல்லாம் பிள்ளையோடு உட்கார்ந்து பேசுங்கள். காலையில் தண்ணீர் மாற்றுவது யார், பெட்டியைத் துப்புரவாக்குவது யார், இரவில் பூனையும் கீரியும் எட்டாதபடி மூடி வைப்பது யார் என்று பங்கிட்டுக்கொள்ளுங்கள். அதன் பிறகும் பிள்ளை "சரி உம்மா" என்றால், பிஸ்மில்லாஹ் சொல்லி முட்டையை அடை வையுங்கள்.