மிருதங்கமும் மார்க்கும்

போன மாதம் எங்கள் வீட்டில் ஒரு பெரிய பஞ்சாயத்து. எட்டாவது படிக்கும் சின்னவன் சயின்ஸில் 41 மார்க் வாங்கிக் கொண்டு வந்து நின்றான். "முதல்ல அந்த மிருதங்க கிளாஸை நிறுத்து. படிக்கிற பிள்ளைக்குத் தாளம் எதுக்கு?" என்று ஆரம்பித்துவிட்டார் இவர். அவர் கோபத்திலும் நியாயம் உண்டு. ஆனால் மூன்று வருஷமாக ஆசையாக வாசிக்கிறவனிடம் எப்படிப் பிடுங்குவது?

விடைத்தாளை எடுத்துப் பார்த்தேன். பாதி மார்க் போனது 'ஒலி' பாடத்தில். அதிர்வெண், வீச்சு எல்லாவற்றையும் உருப்போட்டு, ஒன்றுக்கு ஒன்று மாற்றி எழுதி வைத்திருந்தான். தினமும் தோலைத் தட்டி அதிர வைக்கிற பையன், அதிர்வு பற்றின கேள்வியில் கோட்டை விட்டிருக்கிறானே!

நானோ பிளஸ் டூ. அதிலும் சயின்ஸ் குரூப் இல்லை. பக்கத்து வீட்டு காலேஜ் பெண்தான், "கிளாட்னி தகடுன்னு போட்டு வீடியோ தேடுங்க ஆன்ட்டி" என்றாள். தேடினேன். உலோகத் தகட்டில் மணலைத் தூவி, அதன் ஓரத்தை வயலின் வில்லால் தேய்க்கிறார்கள். மணல் துள்ளித் துள்ளி ஓடி, கோலம் போட்ட மாதிரி கோடு கோடாக நிற்கிறது! சுருதி ஏற ஏறக் கோலமும் நெருக்கமாகிறது. தகடு ஆடுகிற இடத்தில் மணல் தங்காது. ஆடாத இடத்தில் போய் ஒதுங்கிக் கொள்ளும். கிளாட்னி என்ற ஜெர்மானியர் இதை 1787-லேயே புத்தகமாகப் போட்டுவிட்டாராம்.

நம் சர் சி.வி. ராமனும் மிருதங்கத்தை விடவில்லை. 1920-ல் 'நேச்சர்' பத்திரிகையிலும், பிறகு 1934-ல் விரிவாகவும் எழுதியிருக்கிறார். சாதாரணத் தோல் வாத்தியத்தில் எழும் மேல் சுருதிகள் ஒன்றோடொன்று இணங்காது. வலந்தலையின் நடுவில் கறுப்பாக இருக்கிறதே சோறு, அதன் கனம்தான் அவற்றை இணங்க வைக்கிறதாம். அவரும் தோலின் மேல் மணல் தூவித்தான் பார்த்திருக்கிறார். "நோபல் பரிசு வாங்கினவர் உன் வாத்தியத்தைப் பத்தி எழுதியிருக்கார்டா" என்றதும் பயல் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

ஒன்று சொல்ல வேண்டும். முதல் நாள் போனை அவன் கையிலேயே கொடுத்தது என் தப்பு. ஒரு வீடியோ முடிந்து அடுத்தது, அதற்கடுத்தது என்று கடைசியில் கிரிக்கெட்டில் போய் நின்றது! மறுநாளிலிருந்து போன் என் கையில். மணல் எங்கே ஒதுங்கும் என்று முதலில் அவன் நோட்டில் வரைய வேண்டும், பிறகுதான் வீடியோ. ஒன்று முடிந்ததும் போனைக் கவிழ்த்துவிட்டு, கையால் செய்து பார்க்க வேண்டும்.

செய்வது சுலபம். பலூனின் வாயை வெட்டிவிட்டு, கிண்ணத்தின் மேல் இழுத்து மூடி ரப்பர் பேண்ட் போடுங்கள். (பால் கவரில் செய்து பார்த்தேன், விறைப்பாக நிற்கவில்லை.) மேலே ஒரு சிட்டிகை ரவை. கிண்ணத்தைத் தொடாமல், பக்கத்தில் தாம்பாளத்தைப் பிடித்துக் கரண்டியால் தட்டினால் ரவை துள்ளும். மெதுவாகத் தட்டினால் கொஞ்சம், ஓங்கித் தட்டினால் நிறைய. "அப்போ இதுதான் வீச்சா?" என்று அவனே கேட்டான். மிருதங்கத்திலும் தூவிப் பார்க்கட்டுமா என்றவனை அதட்டி உட்கார வைத்தேன். தொப்பியில் ரவையைப் பிசைந்து அப்புவது வேறு. வலந்தலையில் கொட்டினால் வாத்தியார் வீட்டுக்கே வந்துவிடுவார்!

உங்கள் வீட்டில் பாடுகிற, வயலின் வாசிக்கிற குழந்தை இருந்தால் அதையொட்டிய வீடியோவாகத் தேடிக் கொடுங்கள். தெரிந்த வாத்தியம் என்றால் பயமில்லாமல் கேள்வி கேட்கிறார்கள்.

இவரும் ஒரு நாள் சாயங்காலம் பேப்பரை மடித்து வைத்துவிட்டு, தாம்பாளத்தைத் தட்டிப் பார்த்தார். அரைப் பரீட்சை வரைக்கும் மிருதங்க கிளாஸ் தொடரலாம் என்று உத்தரவு ஆகியிருக்கிறது. தயிர் உறை ஊற்றுகிற என் கிண்ணம்தான் இன்னும் அவன் மேஜையை விட்டு வரவில்லை.